நான் சேர்த்த இரண்டு வரிகள்

ஜேர்மனியில், எசன் நகரில் நான் பதினெட்டு வருடம் வேலை செய்த சலவை ஆலையில் ஒரு ஸ்கொட்லாந்துக்காரர் இருந்தார். சுற்றுவட்டார மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளும் தலையணை உறைகளும் அழுக்காக வந்து வெள்ளையாகத் திரும்பிப் போகும் இடம் அது. நானும் அவரும் அழுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள். ஓடும் பட்டியின் இரு கரைகளிலும் கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு நின்று, வரும் துணிகளைப் பிரித்து வகைவகையான தொட்டிகளில் போட வேண்டும்.

துணியோடு துணியாக என்னென்னவோ வரும். மூக்குக்கண்ணாடி வரும். கரண்டி வரும். ஒருமுறை செபமாலை வந்தது. ஒருநாள் ஒரு விரிப்பை உதறியபோது பட்டியில் டொக்கென்று ஒரு செட் பொய்ப்பல் விழுந்தது. நான் அருவருத்துப் பின்னுக்குப் போனேன். அவர் அதைப் பக்குவமாக எடுத்து, ஒரு சின்னக் குருவியை ஏந்துவது போல உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதை ஒரு பையில் போட்டு, எந்த மருத்துவமனை, எந்தத் தொட்டி என்று எழுதி ஒட்டினார். மத்தியான இடைவேளையில் கோப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று, ஒரு பழைய விநியோகத் துண்டின் பின்புறத்தைப் பார்த்து ஏதோ வாசித்தார். அந்தப் பல்லுக்கு எழுதிய பாட்டு.

யாருக்கும் விளங்கவில்லை. ஆனால் அவர் வாசித்த விதத்துக்கே எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில சொற்கள் ஆங்கிலம் போலக் கேட்டன. இடைவேளை முடிந்து பட்டிக்குத் திரும்பியதும் கேட்டேன்.

"இது என்ன இங்கிலிஷ்?"

"இது இங்கிலிஷ் இல்லைக் காணும். இது எங்கடை பாஷை. ஸ்கொட்ஸ்."

அவர் அப்படியே இந்தச் சொற்களில் சொல்லவில்லை. என்னோடு அவர் கதைத்தது அந்த ஸ்கொட்ஸும் கொஞ்ச ஆங்கிலமும் கலந்த பேச்சு. அதைத் தமிழில் எழுதும்போது யாழ்ப்பாணப் பேச்சில் அல்லாமல் வேறு விதமாக எழுத எனக்குக் கை வருவதில்லை. ஆங்கிலத்துக்கு அது இருந்த தூரம், எங்கள் பாடப்புத்தகத் தமிழுக்கு எங்கள் வீட்டுப் பேச்சு இருந்த தூரம்தான். அதைவிடக் கொஞ்சம் கூட என்று அவர் சண்டை பிடிப்பார்.

இளம் வயதில் பிரித்தானிய இராணுவத்தில் சேர்ந்து ஜேர்மனிக்கு வந்தவர் அவர். இங்கேயே ஒரு பெண்ணைக் கலியாணம் செய்து, இராணுவத்தை விட்ட பிறகும் திரும்பிப் போகவில்லை. மனைவிக்கு ஆங்கிலம் தெரியும், ஸ்கொட்ஸ் தெரியாது. அதை அவர் கதைத்தால், தொண்டைக்கு மருந்து குடியுங்கள் என்று மனைவி சொல்வாராம். பிள்ளைகள் இல்லை. ஆகவே அவருடைய பாட்டுகளுக்கு அந்த ஆலையில் கேட்பவன் நான் ஒருவன்தான் என்று கொஞ்ச நாளில் ஆகிவிட்டது. பட்டி ஓடும். அவர் ஒரு வரி சொல்வார். நான் விளங்காத சொல்லைக் கேட்பேன். அவர் சொல்வார். பிறகு அடுத்த வரி. இப்படியே ஐந்தாறு வருடம்.

சின்னது என்பதற்கு அவர்கள் 'வீ' என்பார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் அதைப் போடுவார்கள். பல்லும் வீ, மழையும் வீ, கெட்டவனும் வீ கெட்டவன். அந்த ஒரு எழுத்து முன்னால் வந்தால் திட்டுகூடத் தடவிக்கொடுப்பது போல ஆகிவிடும். 'க்ரீட்' என்றால் ஆங்கிலத்தில் வரவேற்பது, ஸ்கொட்ஸில் அழுவது. இது தெரியாமல் ஒரு பாட்டில் கிழவி ஒருத்தி வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றுக்கொண்டே இருக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் அழுதுகொண்டிருக்கிறாள் என்று தெரிந்தபோது அவர் சிரித்த சிரிப்பில் பட்டியை நிறுத்த வேண்டி வந்தது.

பள்ளிக்கூடத்தில் அந்தப் பாஷை கதைத்ததற்காகத் தோல்பட்டியால் உள்ளங்கையில் அடி வாங்கியதாக ஒருமுறை சொன்னார். என் தமிழ் வாத்தியார் 'வாறன்' என்று சொன்னால் 'வருகிறேன்' என்று பத்துத் தரம் எழுத வைப்பார் என்று நான் சொன்னேன்.

"அடிக்கேல்லையே?"

"குட்டுவார்."

"அப்ப ஒரே மாதிரித்தான்." கொஞ்ச நேரம் துணி பிரித்துவிட்டுப் பிறகு சொன்னார்: "கோயில், கோடு கச்சேரி, கடிதம், அழுகை எல்லாத்துக்கும் இங்கிலிஷைத் தந்தாங்கள். சிரிக்கிறதுக்கு மட்டும் எங்கடையை எங்களிட்டை விட்டாங்கள். அதாலைதான் நான் பகிடியாய் மட்டும் எழுதுறன். எனக்கு வேறை மாதிரி எழுத வராது."

அந்தப் பல்லுப் பாட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தமிழில் செய்து பார்த்தேன். ஆறு வரி. நாலாவதும் ஆறாவதும் குட்டை வரி. அந்தக் குட்டை வரியில்தான் கடி இருக்கும்.

வெள்ளை விரிப்புக்குள் ஒளிச்ச பல்லே,
உன்ரை வாய் இப்ப எங்கை, சொல்லே!
கஞ்சியும் கூழுமாய் அந்தாள் அங்கை
கிடக்குது பாவம்;
கடிக்க ஒருத்தரும் இல்லாமல் இஞ்சை
உனக்கென்ன கோபம்?

மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவ அடுப்பை நிறுத்திவிட்டு வந்து இன்னொருக்கால் வாசிக்கச் சொன்னா. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவருக்கு ஸ்கொட்லாந்து அண்ணை என்று பெயர். "இண்டைக்கு ஸ்கொட்லாந்து அண்ணை என்ன பாடினவர்?" என்றுதான் நான் வேலையால் வந்ததும் முதல் கேள்வி வரும். நான் எங்கள் ஆட்களின் விழாவொன்றில் மேடையேறி இரண்டு மூன்றைத் தமிழில் வாசித்தேன். சனம் சிரித்தது. அந்தச் சிரிப்பு நல்ல ருசி. அதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் எங்கள் ஷெஃபின். பெண் மேலாளரை இங்கே அப்படித்தான் சொல்வோம். காலை வேலைக்கு அவர்தான் பொறுப்பு. முப்பது வருடத்துக்கு மேல் அந்த ஆலையில் இருந்தவர். மிகச் சின்ன உருவம், பெரிய சாவிக்கொத்து. சத்தம் போடமாட்டார். புருவத்தைத் தூக்கினால் போதும்.

என் அம்மா பருத்தித்துறையில் இறந்துபோனது ஒரு வியாழக்கிழமை. செய்தி எனக்கு வேலையில்தான் வந்தது. நான் உடனே ஷெஃபினிடம் போய், அடுத்த விமானத்தில் போக வேண்டும் என்று கேட்டேன். இரண்டு பேர் சுகயீன விடுப்பில் நிற்கிறார்கள், திங்கட்கிழமையிலிருந்துதான் தரலாம், அதற்கும் ஒரு அன்ட்ராக் எழுதிக் கொடுங்கள் என்றார். விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தேன். சனிக்கிழமை கைத்தொலைபேசியில் அம்மாவின் சடங்கைப் பார்த்தேன். படம் விட்டுவிட்டு வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் வாடகைக் கதிரைகள்கூடத் திருப்பிக் கொடுக்கப்பட்டுவிட்டன.

அதை நான் ஷெஃபினிடம் ஒருநாளும் கதைக்கவில்லை. ஸ்கொட்லாந்துக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. காலை வணக்கம் சொல்லுவேன், சிரிப்பேன். ஆனால் அது உள்ளே கிடந்தது.

நாலு வருடம் கழித்து ஷெஃபின் ஓய்வு பெற்றார். கன்டீனில் பிரியாவிடை. ஸ்கொட்லாந்துக்காரர் எட்டுப் பந்தியில் ஒரு பாட்டு எழுதினார். நான் பார்த்ததிலேயே அவர் அதிக நாள் எடுத்து எழுதியது அதுதான். பட்டியில் நின்றுகொண்டே வாயை அசைத்தபடி இருப்பார். எழுதி முடிந்ததும் என்னிடம் தாளைத் தந்தார்.

"நான் ஒவ்வொரு பந்தியாய் வாசிப்பன். நீர் அதுக்குப் பின்னாலை ஜேர்மனிலை சொல்லவேணும்."

"உங்களுக்கு என்னிலும் நல்ல ஜேர்மன் தெரியுமே!"

"ஜேர்மனிலை சீவிக்கத் தெரியும். பகிடி விட ஏலாது. என்ரை பாட்டை நானே மாத்தினால் நானே அதைக் கொண்டுபோடுவன். நீர் செய்யும். உமக்கு அந்தக் கை இருக்கு."

எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு ஞாயிறு முழுவதும் குசினி மேசையில் அகராதியோடு இருந்தேன். நல்ல பாட்டு. முதல் பந்தியைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

சாவிக் கொத்திலும் சின்ன உருவம்,
சத்தமே வேண்டாம், போதும் புருவம்;
தூக்கினா எங்களுக்குக் குளிர், சுரம்,
அவ்வளவு பயம்!
துவைச்ச விரிப்பிலும் வெளிறிப் போகும்
எங்கடை முகம்.

இப்படியே போய்க் கடைசிப் பந்தியில் அவர் தன்னைத்தான் போட்டிருந்தார். எந்தப் பாட்டிலும் அவர் அப்படித்தான் செய்வார். கடைசி அடி எழுதினவனுக்கு விழவேண்டும், இல்லாவிட்டால் அது பகிடி இல்லை, கல்லெறிதல் என்பார். அந்தப் பந்தி:

இதை எழுதினவன் ஒரு நித்திரைச் சாமி,
பிந்தி வாறதில் பெரிய ஆசாமி;
நேரத்தை மாத்தி எழுதின மாமி
நாளைக்கு இல்லை;
பொய் சொல்ல ஆளில்லை, அவன் அழ இடம்
அந்த மூலை.

மாமி என்பது நான் எதுகைக்குப் போட்டது. மற்றபடி கதை உண்மை. அவர் பிந்தி வந்த நாட்களில் ஷெஃபின் பலதடவை கண்டும் காணாமல் நேரத்துக்கு வந்ததாக எழுதியிருக்கிறார். அந்த மனுசி எனக்கு திங்கட்கிழமையை வெள்ளிக்கிழமையாக்கக்கூட முன்வரவில்லையே என்று எனக்குத் தோன்றியது அந்த இடத்தில்தான். ஆறாம் பந்தியில் ஷெஃபினின் நேரம் தவறாமையைப் பற்றி ஒரு பகிடி இருந்தது. அதன் ஜேர்மன் மொழிபெயர்ப்புக்குக் கீழே நான் இரண்டு வரி சேர்த்தேன். வீட்டில் சாவு விழுந்தாலும் ஷெஃபின் அதனிடம், இரண்டு மணிக்கு வேலை முடியும், அதுவரை வாசலில் நில் என்பார்: இதுதான் கருத்து. ஜேர்மனில் அது நல்ல சந்தத்தோடு வந்தது. நானே இரண்டு தரம் சத்தமாக வாசித்துப் பார்த்துச் சிரித்தேன்.

"என்னப்பா தனியச் சிரிக்கிறியள்?" என்று மனைவி கேட்டா.

"ஒண்டுமில்லை, பாட்டு" என்றேன்.

பிரியாவிடை காலை வேலை முடிந்த பிறகு, பின்னேரம் மூன்று மணிக்கு. கேக், கோப்பி, அலுவலகத்திலிருந்து இரண்டு பேர், நாங்கள் எல்லோரும். ஸ்கொட்லாந்துக்காரர் தன் கலியாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவர் ஒரு பந்தி வாசித்தார், நான் ஜேர்மனில் சொன்னேன். ஷெஃபின் முதல் பந்தியிலேயே சிரிக்கத் தொடங்கிவிட்டார். நாலாம் பந்தியில் பேப்பர் துவாலையால் கண்ணைத் துடைத்தார். கன்டீனே குலுங்கியது. அந்தப் பதினெட்டு வருடத்தில் அந்த ஆட்கள் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான்.

ஆறாம் பந்தி வந்தது. அவர் வாசித்தார். நான் சொன்னேன், என் இரண்டு வரியையும் சேர்த்து.

புதிய ஆட்கள் கொல்லென்று சிரித்தார்கள். பழைய ஆட்கள் சிரிக்கவில்லை. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள், பிறகு மேசையைப் பார்த்தார்கள். புதியவர்களின் சிரிப்பும் பாதியில் நின்றது. ஷெஃபின் கையிலிருந்த கேக் முள்ளைத் தட்டில் மெதுவாக வைத்தார். ஸ்கொட்லாந்துக்காரர் தாளிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு ஏழாம் பந்தியை வாசித்தார், எட்டாவதையும் வாசித்தார். நானும் சொன்னேன். அந்த நித்திரைச் சாமிக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. ஷெஃபின் எழுந்து, எல்லோருக்கும் நன்றி என்று சொன்னார். கைப்பையை எடுத்தார். அலுவலகத்தார் கொண்டுவந்த பூங்கொத்தைக் கொடுப்பதற்கு முன்னமே போய்விட்டார்.

கார் நிறுத்துமிடத்தில் ஸ்கொட்லாந்துக்காரர் எனக்காகக் காத்து நின்றார்.

"அந்த ரெண்டு வரியும் ஆற்றை?"

"என்ரை."

"நல்லாத்தான் எழுதியிருக்கிறீர்," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "நீர் வேலைக்கு வாறதுக்கு முன்னம் நடந்தது, உமக்குத் தெரிஞ்சிராது. அவவின்ரை மனுசன் இருதய வருத்தத்திலை ஆசுப்பத்திரியிலை கிடந்தவர். பதினொரு மணிக்கு ஆசுப்பத்திரியிலை இருந்து போன் வந்தது, வாருங்கோ எண்டு. அண்டைக்கும் ஆள் இல்லை. இயந்திரத்தை ஆரிட்டையும் விடாமல், ரெண்டு மணிக்கு வேலை முடிச்சுப்போட்டுப் போனவ. போகேக்கை அவர் இல்லை."

நான் கேட்டேன், "ஏன் நீங்கள் அதிலையே சொல்லேல்லை, அது உங்கடை வரி இல்லையெண்டு?"

"சபையிலை நிண்டு, இது என்ரை, அது இவன்ரை எண்டு பிரிக்கிறதே? அது நான் செய்யிற வேலை இல்லை. நீர் சொல்லும்."

"ஓம், சொல்லுறன்."

"நாளைக்கே சொல்லும்."

"ஓம்."

அடுத்தநாள் நான் சொல்லவில்லை. அலுவலகத்தில் ஷெஃபினின் முகவரி கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. கன்டீனில் எழுந்து நின்று இரண்டு வசனம் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு காலையும் பேருந்தில் போகும்போது அந்த இரண்டு வசனத்தையும் ஜேர்மனில் சரிபார்த்துக்கொண்டே போவேன். அங்கே போனதும், இன்றைக்கு ஆட்கள் குறைவு, நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிடுவேன். முதல் வாரம் வெட்கம். அதற்குப் பிறகு, இவ்வளவு நாள் சொல்லாமல் இருந்துவிட்டு இப்போது எப்படிச் சொல்வது என்ற இன்னொரு வெட்கம்.

ஸ்கொட்லாந்துக்காரருக்கு நடந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அலுவலகத்தில் யாரும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. கோப்பி இயந்திரத்துக்கு மேலே ஒட்டியிருந்த பழைய பாட்டொன்றை யாரோ கிழித்துவிட்டார்கள். பிறந்தநாளுக்கு எழுதித் தா என்று கேட்பவர்கள் கேட்பதை நிறுத்தினார்கள். அவர் இருக்கும் மேசையில் இடம் இருந்தாலும் சிலர் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போனார்கள். ஷெஃபினோடு முப்பது வருடம் வேலை செய்த ஒரு பெண், அவர் முகத்துக்கு நேரே, உனக்கு எல்லாம் தெரிந்திருந்தும் எழுதினாயே என்றார். நான் பட்டியின் மறுகரையில் நின்றேன். அவர் அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்லவில்லை. என்னையும் பார்க்கவில்லை. அடுத்த விரிப்பை உதறினார். நானும் உதறினேன்.

என்னிடம் ஒருநாளும், சொன்னீரா என்று கேட்கவில்லை. பட்டியில் பாட்டு நின்றுபோனது. "ஏதும் எழுதினீங்களோ?" என்று ஒருமுறை கேட்டேன். "இல்லை" என்றார். ஏழு மாதம் கழித்து அவரும் ஓய்வு பெற்றார். பிரியாவிடை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கடைசி நாளில் எனக்குக் கைகொடுத்தார். மனைவியின் ஊருக்குப் போய் இருக்கப் போவதாகவும், அது வடக்கே கடற்கரையில் என்றும் சொல்லித் தொலைபேசி இலக்கம் எழுதித் தந்தார்.

மனைவிக்கு நான் சொன்னது அதற்கும் பிறகுதான். "ஸ்கொட்லாந்து அண்ணையை ஒருக்கால் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவம் எண்டு எத்தினை தரம் சொன்னனான், ஆள் ஊரை விட்டே போட்டுது" என்று அவ குறைப்பட்டபோது என்னால் தாங்க முடியவில்லை. முழுவதையும் சொன்னேன்.

"உங்கடை அம்மா செத்த கோபத்தை ஏன் அந்தாளின்ரை பாட்டுக்குள்ளை ஒளிச்சு வைச்சனீங்கள்?" என்றா கடைசியில். "கேக்கிறதெண்டால் அந்த மனுசியிட்டை நேரை கேட்டிருக்கலாம்."

"இப்ப என்ன செய்யிறது?"

"என்னைக் கேக்கிறியளே? எழும்பிப் போங்கோ."

முகவரி எடுக்க இரண்டு கிழமை போனது. அதில் ஒன்றரைக் கிழமை நான் வேண்டுமென்றே இழுத்தது.

ஷெஃபின் இரண்டாம் மாடியில் இருந்தார். கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்பட்டாலும் உள்ளே வரச் சொன்னார். ஜேர்மன்காரர் வழக்கப்படி முதலில் கோப்பி வேண்டுமா என்று கேட்டார். நான் வேண்டாம் என்றேன். நின்றுகொண்டே சொன்னேன்: அந்த இரண்டு வரியும் ஸ்கொட்லாந்துக்காரர் எழுதியதல்ல, நான் சேர்த்தது. உங்கள் கணவரைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் நோகடிக்க வேண்டும் என்று தெரிந்தே சேர்த்தேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அவர் இங்கே வந்தார்," என்றார். "பிரியாவிடைக்கு அடுத்த வாரமே. பூவோடு வந்து அந்த மாடிப்படியில் நின்றார். மன்னியுங்கள் என்று சொன்னார். நான் பூவை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டேன்."

"அவர்தான் எழுதினார் என்று சொன்னாரா?"

"இல்லை. மன்னியுங்கள் என்று மட்டும்தான் சொன்னார். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். இருபத்தைந்து வருடம் பழகிய மனிதர்."

பிறகு அவரே தொடங்கினார். "உங்கள் அம்மாவுக்காகத்தானே? நீங்கள் வியாழக்கிழமை கேட்டீர்கள். நான் திங்கட்கிழமை தந்தேன்."

அவருக்கு நினைவிருக்கும் என்று நான் ஒருபோதும் நினைக்கவில்லை.

"எனக்கு வேலை அப்படித்தான் பழகியிருந்தது," என்றார். "என் கணவர் விஷயத்திலும் அப்படித்தான் செய்தேன். அது சரி என்று உங்களுக்குச் சொல்லவில்லை. நீங்கள் போன பிறகு அதை யோசித்திருக்கிறேன். நீங்கள் திரும்பி வந்ததும் ஏதாவது சொல்ல வேண்டும் என்றிருந்தேன். நீங்கள் காலை வணக்கம் சொல்லிச் சிரித்தீர்கள். சரி, மறந்துவிட்டார் என்று விட்டுவிட்டேன்."

அந்தக் கடைசிப் பந்தியை இன்னொருமுறை சொல்ல முடியுமா என்று கேட்டார். அன்று எதுவும் காதில் விழவில்லையாம். என்னிடம் மொழிபெயர்த்த தாள் இருந்தது. வாசித்தேன். பொய் சொல்ல ஆளில்லாமல் மூலையில் நின்று அழப்போகும் நித்திரைச் சாமியைக் கேட்டு அவர் சிரித்தார். பிறகு எழுந்து சன்னல் பக்கம் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஸ்கொட்லாந்துக்காரரின் தொலைபேசி இலக்கம் இருக்கிறதா என்று அங்கிருந்தே கேட்டார். கொடுத்தேன்.

அடுத்த திங்கட்கிழமை கன்டீனிலும் சொன்னேன். இடைவேளையில் எழுந்து நின்று, அந்தப் பிரியாவிடையில் நான் வாசித்த இரண்டு வரியும் என்னுடையவை, ஸ்கொட்லாந்துக்காரருடையவை அல்ல என்றேன். இவ்வளவு நாள் பேருந்தில் சரிபார்த்த வசனங்கள். பழைய ஆட்களில் பாதிப்பேர் அதற்குள் வேலையை விட்டுப் போயிருந்தார்கள். அவரை முகத்துக்கு நேரே பேசிய பெண் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனார். இரண்டு மாதத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்த ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், யாரைப் பற்றிச் சொல்கிறார் என்று கேட்டார். முன்பு இங்கே வேலை செய்த ஒருவராம் என்று பதில் வந்தது.

அவருக்கும் தொலைபேசி எடுத்தேன். ஷெஃபின் ஏற்கெனவே பேசிவிட்டார் என்றார். நல்ல மனுசி, நெடுநேரம் பேசினார் என்றார். என்னை மன்னியுங்கோ என்று நான் சொன்னபோது, அது பழைய கதை என்றார். அடுத்த கோடையில் வந்து பார்க்கச் சொன்னார்.

போனேன். நீண்ட ரயில் பயணம், இரண்டு தரம் மாற வேண்டும். மனைவி இடியப்பமும் சொதியும் கட்டித் தந்தா. அவர் நிலையத்துக்கு வந்திருந்தார். மெலிந்திருந்தார், கைத்தடி பிடித்திருந்தார். அவருடைய மனைவி இடியப்பத்தைப் பார்த்து, இதைக் கத்தியால் வெட்டுவதா, கையால் பிய்ப்பதா என்று கேட்டார். நாங்கள் நன்றாகச் சாப்பிட்டோம். முழங்கால் வலி, ரயில் தாமதம், மருத்துவரைப் பார்க்க ஒரு டெர்மின் எடுக்க மூன்று மாதம் காத்திருப்பது, இவற்றைப் பற்றிக் கதைத்தோம். அவர் என்னோடு முழுக்க ஜேர்மனில் கதைத்தார். திருத்தமான, நேர்த்தியான ஜேர்மன். மனைவி பக்கத்தில் இருப்பதால் என்று முதலில் நினைத்தேன்.

பின்னேரம் இருவரும் கடலணையில் நடந்தோம். காற்று பலமாக அடித்தது. அணை முழுக்கச் செம்மறி ஆடுகள். ஒன்று வழியை மறித்துக்கொண்டு, கன்டீனில் கேக்குக்குக் காத்திருப்பது போல எங்களைப் பார்த்து நின்றது. அந்த முகத்துக்கு முன்பென்றால் அவர் நின்ற நிலையில் நாலு வரி சொல்லியிருப்பார்.

"இதுக்கு ஒண்டு சொல்லுங்கோவன்," என்று நான் எங்கள் பழைய கலப்புப் பேச்சில் கேட்டேன்.

அவர் ஆட்டைப் பார்த்தார். யோசிப்பது போலத்தான் இருந்தது.

"இங்கே நிறைய ஆடுகள் இருக்கின்றன," என்று ஜேர்மனில் சொன்னார். "அணையின் புல்லை இவைதான் மேய்கின்றன."

பழைய பாட்டுகள் எல்லாம் எங்கே என்று கேட்டேன். வீடு மாறும்போது பழைய தாள்களோடு போட்டுவிட்டேன் என்றார். கோபம் இல்லை, வருத்தமும் வெளியே தெரியவில்லை. இங்கே யார் வாசிக்கப் போகிறார்கள் என்றார். நான் வாசிப்பேனே என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லும் தகுதி எனக்கில்லை என்று தோன்றியது. அவர் ஆட்டைச் சுற்றிக்கொண்டு நடந்தார், நான் பின்னால் நடந்தேன்.

ஆறு மணி ரயிலுக்கு என்னை ஏற்றிவிட்டார். மீண்டும் வாருங்கள், மனைவியையும் கூட்டி வாருங்கள் என்றார். உண்மையாகத்தான் சொன்னார், எனக்குத் தெரியும். ரயில் புறப்பட்ட பிறகு, மடியில் தாளை விரித்து, எனக்கு மனப்பாடமாக இருந்த அவருடைய பாட்டுகளை ஸ்கொட்ஸில் எழுதிப் பார்க்கத் தொடங்கினேன். அந்தப் பாஷையை நான் ஒருநாளும் எழுத்தில் படித்ததில்லை. காதால் மட்டுமே கேட்டது. பல்லுப் பாட்டின் முதல் வரி வந்தது. இரண்டாவது வரியில் ஒரு சொல் தவறியது. மூன்றாவதிலிருந்து வந்ததெல்லாம் என் தமிழ்தான். ஒஸ்னாப்ரூக்கில் இறங்கி ரயில் மாறும்போது தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.